அறுபத்து மூன்றாவது ஆள்

மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு அழகியநம்பி தன் கையிலிருந்த வாக்காளர் பட்டியலை மூன்றாம் தடவையாக எண்ணினார். அறுபத்து இரண்டு பெயர்களுக்கு நேரே டிக் இருந்தது. ஒரு பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் கணக்கு மாறவில்லை.

ஈச்சம்பாறை என்ற அந்தக் காணிக்காரப் பழங்குடிக் குடியிருப்பில் மொத்தமே அறுபத்து மூன்று ஓட்டுதான். நாயன்மார் கணக்கு. நம்பிக்குப் பெருமாள் பெயர் என்றாலும், அறுபத்து மூவரில் ஒருவரைத் தெருவில் விட்டுவிட்டு உற்சவத்தை முடிப்பது அழகல்ல என்பது பத்மநாபர் கோயில் பக்கத்து ஸ்ரீவராகத்தில் பிறந்து வளர்ந்த அவருக்குத் தெரியும்.

"ஒரே ஒரு ஆளுடே, ஷிபு," என்றார், ஜீப்பில் கால் நீட்டிப் படுத்திருந்த மலையாளி டிரைவரிடம்.

"நூத்துக்கு தொண்ணூத்தெட்டு மார்க்கு சாரே. என் மோளுக்கு இதுல பாதி கிடைச்சாப் போதும், நான் கோயில்ல வெடி வழிபாடு வெப்பேன்," என்று சொல்லிவிட்டு ஷிபு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

நம்பிக்கு மார்க்கு பெரிதில்லை. விட்டுப்போனது யார் என்பதுதான் பெரிது. வரிசை எண் நாற்பத்தொன்று, மார்த்தாண்டன் காணி, வயது அறுபத்தாறு. வேறு யார் வராமல் போயிருந்தாலும் நம்பி உச்சுக்கொட்டிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்திருப்பார். இந்த மனிதர் ஓட்டுப் போடாமல் இன்றைய பொழுது சாய்ந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அவர் தன் மனைவி பொன்னம்மையிடம்கூடச் சொன்னதில்லை.

நம்பி தாலுகா ஆபீஸில் கிளார்க். வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு பூத்துக்கும் ஓர் அரசாங்க ஊழியரைப் போடுவார்கள், பி.எல்.ஓ. என்று பெயர். மலைமேல் இருக்கிற பட்டியலுக்கு யாரும் முன்வராததால், 'மாட்டேன்' என்ற வார்த்தையை உரிய நேரத்தில் சொல்லத் தெரியாத நம்பியின் தலையில் அது விழுந்து ஆறு வருஷம் ஆயிற்று.

விழுந்த முதல் வருஷமே அவர் ஒரு காரியம் செய்தார். வீடு வீடாக ஏறிப் பார்த்து எழுத வேண்டிய பட்டியலை, அடிவாரத்துச் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் விசாரித்தே எழுதி முடித்தார். மார்த்தாண்டன் காணியின் குடிலை யானை தள்ளிவிட்டது, இப்போது அவர் அங்கே இல்லை என்று யாரோ சொன்னார்கள். நம்பி டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, 'இடம் மாறிப் போனவர்' என்று எழுதினார். பெயர் நீக்கப்பட்டது. மார்த்தாண்டன் காணி இடம் மாறித்தான் போயிருந்தார். இருநூறு அடி.

அடுத்த தேர்தல் வந்தபோது அவர் பதினான்கு கிலோமீட்டர் நடந்து கீழே இருந்த பூத்துக்குப் போனார். பெயர் இல்லை என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டுப் பதினான்கு கிலோமீட்டர் திரும்பி ஏறினார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். நன்றாக நாலு வசவு வைதிருந்தால் நம்பிக்கு மூன்று நாளில் மறந்திருக்கும். வையாமல் போனதால் அது வருஷக்கணக்காக வயிற்றில் கல்லாகக் கிடந்தது.

அந்தக் கல்லை இறக்கத்தான் இத்தனை பாடும். போன வருஷம் குடியிருப்பில் முகாம் போட்டு மார்த்தாண்டன் காணியின் ஃபாரத்தைத் தன் கையாலேயே நிரப்பினார். ஓட்டுப் போட இவர்கள் ஏன் பதினான்கு கிலோமீட்டர் இறங்க வேண்டும் என்று மேலிடத்துக்குப் பதினோரு கடிதம் எழுதினார். பத்துக்குப் பதில் இல்லை, பதினோராவதுக்குப் பூத்தே வந்துவிட்டது. ஈச்சம்பாறை சமூகக் கூடத்தில் மெஷின் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

அதனால் இன்று காலை நம்பி ஒரு திட்டம் வைத்திருந்தார். விடிந்ததும் மார்த்தாண்டன் காணியின் வீட்டுக்கே போய், அவரைக் கையோடு அழைத்து வந்து, முதல் ஓட்டை அவரைப் போடவைத்துவிட வேண்டும். ஆறரைக்கே ஜீப்பை மேலே விடச் சொன்னார். குடில் சாத்திக் கிடந்தது. வாசலில் இருந்த ஒரு கோழி அவரை மேலும் கீழும் பார்த்தது. எங்கே போய்விடப் போகிறார், இப்போது வந்துவிடுவார் என்று ஏழேமுக்கால் வரை அந்தக் கோழியோடு காத்திருந்தார். திரும்பும்போது ஜீப் ஓடையில் இறங்கி, ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஒருவழியாகத் தள்ளி ஏற்றி, பூத்துக்கு வெளியே தன் மேசையைப் போட்டு உட்கார்ந்தபோது மணி ஒன்பதரை.

அதற்குள் பாதிக் குடியிருப்பு ஓட்டைப் போட்டுவிட்டுப் பலா மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. நம்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்து டிக் அடித்தார். மீதிப் பேரையும் வரவர டிக் அடித்தார். பதினொன்றரைக்குள் எல்லாரும் வந்து போட்டுவிட்டு, கிழங்கு தோண்டவும் ஈற்றை மூங்கில் வெட்டவும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். மலைக்காரர்களுக்கு ஓட்டுரிமையின் அருமையை எடுத்துச் சொல்ல நம்பி எழுதிக்கொண்டு வந்திருந்த இரண்டு பக்கப் பேச்சு சட்டைப்பையிலேயே இருந்தது.

கூடத்துக்குள் எத்தனை ஓட்டு விழுந்திருக்கிறது என்று கேட்டுப் பார்த்துவிடலாம் என்று அவர் வாசல்படியில் ஒரு காலை வைத்தார். உள்ளே பிரிசைடிங் ஆபீசர் ஜெபமலர் இருந்தாள். விழிஞ்ஞம் பக்கத்தில் ஹைஸ்கூல் கணக்கு டீச்சர். பிள்ளைகளை அடக்கி அடக்கி உரமேறிய குரல்.

"காலை எடுங்க சார். உங்க பட்டியல் உங்க கிட்ட, என் ரெஜிஸ்டர் என் கிட்ட. யாரு போட்டா, யாரு போடல்லேன்னு வெளிய சொல்லுறது என் ஜோலி இல்லே."

நம்பி காலை எடுத்தார். அவர் வயது ஐம்பத்து நான்கு. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் வீட்டுப்பாடம் செய்யாதது நினைவுக்கு வந்தது.

இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் ஆகாது என்று அவர் அடுத்த வழியைத் தேடினார். காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரரிடம் கையில் பிடித்துப் பேசுகிற மைக் ஒன்று இருந்தது. அதைக் கெஞ்சி வாங்கினார். பூத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப் போய் நின்றார். தேர்தல் விதி எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று ஓட்டு என்ற வார்த்தையே வராமல் வாசகத்தை மனதுக்குள் அமைத்துக்கொண்டார். பிறகு மலையைப் பார்த்து, மார்த்தாண்டன் காணி எங்கிருந்தாலும் உடனே வந்து தாலுகா ஆபீஸ் நம்பியைப் பார்க்க வேண்டும் என்று அறிவித்தார். மலை அதை வாங்கி, மூன்று தடவை திருப்பிச் சொன்னது.

காணி வரவில்லை. குரங்குகள் வந்தன. எட்டோ ஒன்பதோ இருக்கும். என்ன சத்தம் என்று விசாரிக்க வந்தவை ஜீப்பில் இருந்த டிபன் டப்பாவைக் கண்டுகொண்டன. பொன்னம்மை விடியற்காலையில் எழுந்து கிளறித் தந்த புளியோதரை பலா மரத்தின் உச்சிக்குப் போய்ப் பங்கு பிரிக்கப்பட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிவது என்பதை நம்பி இதுவரை பேச்சாகத்தான் கேட்டிருந்தார்.

சும்மா இருந்திருக்கலாம். ஒருவேளை முதலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை அறிவித்தார்.

இந்தத் தடவை ஷிபு ஜீப்பிலிருந்து மெதுவாக இறங்கி வந்தான். அவன் அவ்வளவு மெதுவாக எதையும் செய்து நம்பி பார்த்ததில்லை.

"சாரே, நீங்க கூப்பிட்ட ஆளு வரல்லே. வேற ஒருத்தரு வந்திருக்காரு," என்று சாலையைக் காட்டினான்.

மேலே போகிற ஒரே சாலையின் நடுவில் ஓர் ஒற்றையான் நின்றது. தந்தம் முளைத்த ஆண் யானை. தன்னை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று அது யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு சாலையோரத்து மூங்கிலை இழுத்துப் போட்டுச் சாவகாசமாகச் சாப்பிட ஆரம்பித்தது. போலீஸ்காரர் நம்பியின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். ஜெபமலர் ஜன்னல் வழியாக, இனி சத்தம் கேட்டால் மேலே எழுதிவிடுவேன் என்று எச்சரித்தாள்.

"ஜீப்பு இனி போவாது," என்றான் ஷிபு. "ஆத்தங்கரை வழியா ஒத்தையடிப் பாதை இருக்கு. காணி வீட்டில இல்லேன்னா தோட்டத்து ஏறுமாடத்தில இருப்பாரு. பக்ஷே, நடக்கணும் கேட்டோ."

"நட. போவோம்."

"எனக்கு பெண்டாட்டி பிள்ளை உண்டு சாரே," என்று ஷிபு ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

நம்பி தனியாக நடந்தார். இரண்டு மணிக்குக் கிளம்பியவர், இரண்டரைக்குச் செருப்பின் வாரை இழந்தார். மூன்றுக்குக் காலில் அட்டைகளைக் கண்டார். கோடைமழை விட்டு விட்டுப் பெய்திருந்ததால் அவை விருந்துக்குக் காத்திருந்தவை போல ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்று. பிடுங்குவதை விட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று நடந்தார். ஸ்ரீவராகத்துக் குளப்படிக்கட்டை விடப் பெரிய ஏற்றம் எதையும் அந்தக் கால்கள் கண்டதில்லை. பாதியில் நின்று, இதுபோன்ற வழியில்தான் ஒரு மனிதர் பதினான்கு கிலோமீட்டர் இறங்கி, ஏறியிருக்கிறார் என்று நினைத்தபோது கண் கரித்தது. வியர்வை என்று சொல்லிக்கொண்டார்.

நாலு மணிக்கு ஒரு சரிவின் விளிம்புக்கு வந்து, கீழே தோட்டம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். தெரிந்தது. அடுத்த கணம் அவர் தோட்டத்திலேயே இருந்தார். முப்பது அடி சறுக்கல். அன்றைய பயணத்தில் விரைவாகக் கடந்த தூரம் அதுதான். இடது கணுக்கால் எலுமிச்சம்பழம் போல வீங்கத் தொடங்கியது.

தலைக்கு மேலே, நாலு மரங்களுக்கு நடுவே மூங்கிலால் கட்டிய பரணிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பன்றியும் யானையும் பயிரில் இறங்காமல் காவல் இருக்கிற ஏறுமாடம் அது. அந்த முகம் மார்த்தாண்டன் காணியின் முகம்.

"சாரா? இங்க வரைக்குமா?"

அவர் பரபரவென்று இறங்கி வந்தார். மெலிந்து முறுகிய உடம்பு. கிழங்கு தோண்டிக்கொண்டிருந்திருப்பார் போல, முழங்கை வரை செம்மண் அப்பியிருந்தது. நம்பியைத் தூக்கி உட்காரவைத்தார். ஏதோ ஒரு தழையைக் கசக்கிக் கால் முழுவதும் தேய்த்தார். அட்டைகள் பொதபொதவென்று உதிர்ந்தன. இன்னொரு தழையைக் கணுக்காலில் வைத்துக் கட்டினார். எல்லாம் முடிகிறவரை, ஏன் வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம்பி மூச்சு வாங்கியபடி தானே சொன்னார். "அண்ணாச்சி, ஓட்டு. ஆறு மணிக்குச் சாத்திருவாங்க. வாங்க, போயிரலாம்."

மார்த்தாண்டன் காணி கட்டின் மேல் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார். "என்னைக் கூப்பிடவா சாரு ஏறி வந்தது?"

"பின்னே?"

"எனக்கு மட்டுமாட்டா?"

"மத்த அறுபத்து ரெண்டு பேரும் போட்டாச்சு. நீங்க ஒருத்தருதான் பாக்கி. உங்களை விட்டுட்டு நான் எப்படி மலையிறங்குவேன்?"

அவர் நம்பியின் அறுந்த செருப்பைப் பார்த்தார், கிழிந்த பேண்டைப் பார்த்தார், பிறகு தூரத்து மலையைப் பார்த்தார். ஒருவேளை பழைய கோபத்தில் வரமாட்டேன் என்று சொல்லப் போகிறாரோ என்று நம்பிக்குப் பயம் பிடித்தது.

"வாறேன் சாரே," என்றார் கடைசியில். "ஆனா பசியோட வந்த ஆளை அப்படியே கூட்டிட்டுப் போவ முடியாது. ரெண்டு துண்டு மரச்சீனி தின்னணும்."

நேரமில்லை என்று நம்பி சொல்லிப் பார்த்தார். அந்த மனிதர் அசையவில்லை. வீட்டுக்கு வந்தவர் வெறும் வயிற்றோடு இறங்கினால் பயிர் விளையாது என்பது அவர் கட்சி. வேறு வழியில்லாமல் நம்பி வேகமாக முடித்துவிடலாம் என்று வெந்த மரவள்ளிக் கிழங்குத் துண்டைக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலில் நன்றாக முக்கி வாயில் போட்டார். இது பெரிய தப்பு. காந்தாரியை அவசரத்தில் சாப்பிடக் கூடாது. பத்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய சாப்பாடு, விக்கலும் கண்ணீரும் இரண்டு செம்புத் தண்ணீரும் சேர்ந்து அரைமணி நேரம் ஆயிற்று. ஆனால் சத்தியமாக, அந்த மரச்சீனி போல ருசியாக எதையும் அவர் அண்மையில் சாப்பிட்டதில்லை.

கிளம்பும்போதுதான் நினைவு வந்தது. "கார்டு வேணுமே அண்ணாச்சி. வீட்டுக்குப் போய் எடுக்கணுமா?"

"இடுப்பில இருக்கு," என்று மடியைத் தட்டிக் காட்டினார் மார்த்தாண்டன் காணி.

நம்பி அந்த மடியையே பார்த்தார். கிழங்கு தோண்டப் போகும்போதும் வாக்காளர் கார்டை மடியில் கட்டிக்கொண்டு போகிற மனிதன். எவ்வளவு ஆசை இருந்தால் அப்படிக் கட்டிக்கொள்வான். அந்தப் பெயரைத்தான் தான் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மடக்கு டீயில் அடித்தோம் என்று நினைக்க, கணுக்காலைவிட அது வலித்தது.

நாற்பது அடி நடப்பதற்குள், அழைத்துப் போக வந்தவரால் நடக்க முடியாது என்பது தெளிவாகிவிட்டது. மழையும் சரியாக அப்போது பிடித்துக்கொண்டது. நம்பி ஒரு குச்சியை ஊன்றிப் பார்த்தார். குச்சி ஒடிந்தது. ஒற்றைக்காலில் தாவிப் பார்த்தார். சேறு அவரை இரண்டு தடவை உட்காரவைத்தது. நீங்கள் முன்னால் ஓடிப் போய் ஓட்டைப் போட்டுவிடுங்கள், நான் எப்படியாவது தவழ்ந்து வருகிறேன் என்று கெஞ்சினார். ஒற்றையான் திரிகிற காட்டில் சாரை விட்டுவிட்டு ஓட்டுக்கு ஓடுகிறவன் நான் இல்லை என்று சொல்லிவிட்டு, மார்த்தாண்டன் காணி முதுகைக் காட்டிக் குனிந்தார்.

ஓட்டுப் போடவைக்க வந்த அரசாங்கம், இப்படியாக, வாக்காளரின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. அரசாங்கத்தின் எடை எழுபத்தெட்டு கிலோ.

ஆறு பெருகியிருந்தது. வரும்போது கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் இப்போது இடுப்புக்கு வந்துவிட்டது. நம்பி பட்டியலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். மழை அதையும் நனைத்தது. அறுபத்து இரண்டு டிக்குகளும் நீலமாகக் கரைந்து அவர் கைவழியே சட்டைக்குள் இறங்கின. கீழே இந்த மனிதர் ஒவ்வொரு பாறையாகக் காலால் தடவித் தடவி, மூச்சு இரைக்க, ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தார். இந்த முதுகுக்குத் தான் என்ன நன்மை செய்தோம் என்று நம்பி நினைத்தார். அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, ஒரு காரியம் சொல்லணும். உங்க பேரை அன்னைக்கு வெட்டினது நான்தான்."

மார்த்தாண்டன் காணி நட்டாற்றில் நின்றார்.

நம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டார். இப்போது அந்த மனிதர் இரண்டு கையையும் எடுத்துவிட்டால் போதும், ஸ்ரீவராகத்துக்குத் தந்திதான் போகும். போனாலும் நியாயம்தான். "மலை ஏறல்லே. கீழ டீக்கடையில இருந்துட்டே எழுதிட்டேன். நீங்க அத்தனை தூரம் நடந்து வந்து வெறுங்கையோட திரும்பினது என்னாலதான்."

"சாரே," என்றார் மார்த்தாண்டன் காணி.

"சொல்லுங்க."

"கழுத்தைக் கொஞ்சம் விடணும். மூச்சு முட்டுது."

நம்பி பிடியைத் தளர்த்தினார். அவர் இன்னொரு பாறையைக் காலால் தேடிக் கண்டுபிடித்து, அதில் ஊன்றி, அடுத்த அடி வைத்தார். பிறகு முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கே ஏறி வந்திருக்கலாமே சாரே. அன்னைக்கும் மரச்சீனி இருந்தது."

அவ்வளவுதான் சொன்னார். கரை ஏறுகிறவரை நம்பி அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். மழையில் அது யாருக்கும் தெரியாது. வயிற்றில் கிடந்த கல் ஆற்றில் எங்கேயோ விழுந்துவிட்டதை அவரே உணர்ந்தார். இந்த மனிதருக்கு இனி என்ன செய்தாலும் ஈடாகாது. இவர் ஓட்டு மட்டும் இன்றைக்கு விழுந்துவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று பத்மநாபரிடம் வேண்டிக்கொண்டார்.

கரையில் ஏறியபோது மணி ஐந்தரை. மார்த்தாண்டன் காணி அவரை இறக்கவில்லை. முதுகில் வைத்தபடியே ஓட்டமும் நடையுமாகப் போனார். சாலைக்கு வந்தபோது ஒற்றையான் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அதன்பாட்டுக்குப் போயிருந்தது. சமூகக் கூடத்தின் வெளிச்சம் மழைக்குள் தெரிந்தது. வாசலில் ஜெபமலர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"சாத்திராதீங்க டீச்சர்," என்று நம்பி முதுகிலிருந்தே கையை ஆட்டினார். "ஒரு ஓட்டு இருக்கு."

ஷிபு ஜீப்பின் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். போலீஸ்காரர் குடையை மறந்து மழைக்குள் வந்து நின்றார். சேறு பூசிய ஒரு காணிக்காரரின் முதுகில், செருப்பில்லாமல், நீலச் சட்டையோடு, கரைந்த காகிதத்தைக் கொடிபோல் பிடித்துக்கொண்டு பி.எல்.ஓ. வந்து சேர்ந்தார். மணி ஐந்து ஐம்பத்து மூன்று.

மார்த்தாண்டன் காணி அவரை வாசல்படியில் பூப்போல் இறக்கி உட்காரவைத்தார். இறவாரத்திலிருந்து கொட்டிய தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டார். ஆனால் உள்ளே போகவில்லை. வேட்டியைப் பிழிந்தபடி நின்றார்.

"போங்க அண்ணாச்சி, ஏழு நிமிஷம்தான் இருக்கு," என்று நம்பி இரண்டு கையையும் கூப்பினார். ஓட்டுரிமையின் அருமையைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. "எனக்காக."

மார்த்தாண்டன் காணி அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி ஜெபமலரிடம் போனார். தலையைக் குனிந்துகொண்டு, குற்றம் செய்த பிள்ளை டீச்சரிடம் சொல்வதுபோல, தணிந்த குரலில் ஏதோ சொன்னார். சொல்லிவிட்டுத் தன் இடது கையை நீட்டிக் காட்டினார். ஜெபமலர் அந்தக் கையைப் பார்த்தாள். நம்பியின் வீங்கிய காலைப் பார்த்தாள். காலையிலிருந்து கூடத்தை விட்டு வெளியே வராதவள், படியிறங்கி மழைக்குள் வந்து நம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்படி ஒரு மெதுவான குரல் உண்டு என்பது அவள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"சார், இவரு காலைல ஏழு மணிக்கே வந்து முதல் ஓட்டைப் போட்டாச்சு. ஆனா ஓட்டுப் போட வாங்கன்னு இந்த ஆயுசில தன்னைத் தேடி மலையேறி வந்த மொத ஆளு நீங்கதானாம், போட்டாச்சுன்னு சொல்லி உங்களை வெறுங்கையோட திருப்பி அனுப்ப மனசு வரல்லியாம்."